தண்ணீரைத் தொடர்ந்து ஒரு பயணம்: பெத்தேன் காட்டிலிருந்து பெலிஸ் குகை வரை எட்டு நாள்களுக்கான முழுமையான வழிகாட்டி

திக்காலில் ஆறு இல்லை, ஏரியும் இல்லை. குவாத்தமாலாவின் வடகோடியில், பெத்தேன் காட்டுக்குள், விழுந்த மழையை உடனே உறிஞ்சிவிடும் சுண்ணாம்புப் பாறையின் மேல், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பல்லாயிரம் பேர் வாழ்ந்த ஒரு தலைநகரம் பெரும்பாலும் சேமித்த மழைநீரை நம்பியே நின்றது. மத்திய அமெரிக்காவின் பழைய நாகரிகமான மாயா மக்களின் நகரங்களுக்குச் செல்பவர்கள் பிரமிடுகளை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் குனிந்து, தண்ணீர் எங்கே தேங்கியது, அதை எப்படிக் காத்தார்கள், அது பொய்த்தபோது எங்கே போய் மன்றாடினார்கள் என்று கேட்டுக்கொண்டே நடந்தால், கல்லும் காடும் தனித்தனியாக நிற்காமல் ஒன்றையொன்று விளக்கத் தொடங்கும். இந்த வழிகாட்டி அந்த எண்ணத்தில் அமைத்தது.

பாதை இதுதான்: குவாத்தமாலாவின் ஃபுளோரெஸ் தீவில் தொடங்கி, திக்கால், யஷ்ஹா ஆகிய நகரங்களைப் பார்த்து, எல்லையைத் தாண்டி, மேற்கு பெலிஸின் சான் இக்னாசியோவில் தங்கி, ஷூனன்தூனிச், கரகோல், ஆக்துன் துனிச்சில் முக்னால் குகை ஆகியவற்றோடு முடிப்பது. மாயா என்றவுடன் பலர் மெக்சிகோவின் சிச்சேன் இட்சாவையே நினைக்கிறார்கள். அது பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அங்கே பிரமிடின் மேல் ஏற அனுமதியில்லை, சுற்றுலாப் பேருந்துகளின் நெரிசல் மிகுதி, காடு என்று சொல்லத்தக்கதும் அருகில் இல்லை. நகரத்தையும் வெப்பமண்டலக் காட்டையும் சேர்த்துப் பார்க்க விரும்புபவர்களுக்குப் பெத்தேனே பொருத்தம் என்பது என் கருத்து.

புறப்படுவதற்கு முன்

காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நவம்பர் இறுதி முதல் ஏப்ரல் வரை மழை குறைந்த பருவம். டிசம்பரிலும் ஜனவரியிலும் விடியற்காலை குளிரக்கூடும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் சென்னை வெயிலுக்குச் சளைக்காது. ஜூன் முதல் அக்டோபர் வரை காடு பசுமையின் உச்சத்தில் இருக்கும், கூட்டமும் குறையும். ஆனால் கனமழையின்போது குகைக்குள் வெள்ளம் புகும் என்பதால் அந்த நாளை இழக்க நேரிடலாம். பிப்ரவரி, மார்ச் மாதங்களையே நான் பரிந்துரைப்பேன். பறவைகளும் குரங்குகளும் எளிதில் கண்ணில் படும், தடங்களிலும் சேறு இருக்காது.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகச் சென்றால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். மாட்ரிட்டிலிருந்து குவாத்தமாலா நகரத்துக்கு நேரடி விமானம் உண்டு என்பதால் ஐரோப்பிய வழியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இரு நாடுகளும் விசா கேட்கும். செல்லத்தக்க அமெரிக்க அல்லது ஷெங்கன் விசா வைத்திருப்பவர்களுக்குச் சலுகைகள் உண்டு. இவ்விதிகள் அடிக்கடி மாறுபவை. ஆகையால் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்; விமான நிறுவனத்தின் முகப்பில் அந்தத் தாள் பல வாதங்களைத் தவிர்க்கும். தென்னமெரிக்க நாடுகள் வழியாகச் செல்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவையா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். போகும்போது குவாத்தமாலா நகரத்தில் இறங்கி, திரும்பும்போது பெலிஸ் நகரத்தில் ஏறுமாறு சீட்டு எடுத்தால் வந்த வழியே திரும்பும் இரண்டு நாள்கள் மிச்சமாகும்.

பணத்தில் குழப்பம் ஏதுமில்லை. குவாத்தமாலாவில் குவெட்சால், ஓர் அமெரிக்க டாலருக்குப் பல ஆண்டுகளாக ஏழரை முதல் எட்டு வரையில் நிற்கிறது. பெலிஸ் டாலர் இரண்டுக்கு ஓர் அமெரிக்க டாலர் என்பது நிலையான மதிப்பு, அமெரிக்கத் தாள்களையே கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். விலை சொல்லும்போது எந்த டாலர் என்று கேட்டுவிடுங்கள். குவாத்தமாலாவில் ஸ்பானிய மொழி இல்லாமல் சிரமம். பெலிஸின் ஆட்சிமொழி ஆங்கிலம், தெருமொழி கிரியோல்.

பையில் முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் காலணி, நீரில் நனைந்தாலும் பரவாயில்லாத மற்றொரு காலணி, கொசு விரட்டும் மருந்து, தலையில் மாட்டும் விளக்கு, இரண்டு ஜோடி காலுறை ஆகியவை கட்டாயம். டெங்கு இரு நாடுகளிலும் உண்டு. மலேரியா குறித்துப் பயண மருத்துவரிடம் கேளுங்கள். தொலைநோக்கி ஒன்று இருந்தால் பயணத்தின் மதிப்பு இரட்டிப்பாகும், ஏனெனில் இந்தக் காட்டின் பாதி உயிர்கள் நாற்பது அடிக்கு மேலே வாழ்கின்றன.

சைவ உணவுக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் கவனமாக இருக்க வேண்டும். கறுப்பு பீன்ஸ், சோள ரொட்டி, வறுத்த வாழைப்பழம், முட்டை, வெண்ணெய்ப்பழம் எங்கும் கிடைக்கும். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது வழக்கம் என்பதால் 'சின் கார்னே, சின் மன்தேகா', அதாவது இறைச்சியும் கொழுப்பும் வேண்டாம் என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். பெலிஸில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும் பீன்ஸும் நம் நாக்குக்கு உடனே ஒத்துவரும். அதிலும் பன்றி வால் துண்டு கிடக்கக்கூடும், கேட்டுவிட்டு வாங்குங்கள். மேசைமேல் இருக்கும் ஹபனேரோ மிளகாய்க் குழம்பைத் துளித்துளியாக விட்டுப் பாருங்கள். மிளகாய் நமக்குப் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்பதும், அதன் தாயகம் இந்தக் கண்டமே என்பதும் அப்போது உறைக்கும்.

முதல் நாள்: ஃபுளோரெஸ்

குவாத்தமாலா நகரத்திலிருந்து ஃபுளோரெஸுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். பேருந்தில் ஓர் இரவு. நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு பேருந்தைத் தேர்ந்தெடுப்பது வீண் சிக்கனம். ஃபுளோரெஸ் என்பது பெத்தேன் இட்சா ஏரிக்குள் ஒரு சிறு தீவு. கரையிலுள்ள சான்டா எலேனாவோடு ஒரு தரைப்பாலம் இணைக்கிறது. அரை மணி நேரத்தில் சுற்றி நடந்துவிடலாம்.

இத்தீவில் இன்று பழங்காலக் கட்டடம் எதுவும் தெரியாது. ஆனால் இதுவே நோஹ்பெத்தேன், இட்சா மக்களின் தலைநகரம், ஸ்பானியரிடம் கடைசியாக வீழ்ந்த மாயா அரசு. வீழ்ந்த நாள் 13 மார்ச் 1697. மெக்சிகோவின் அஸ்டெக் தலைநகர் வீழ்ந்து 175 ஆண்டுகளுக்கும் மேலாகத் தன்னாட்சியோடு இருந்த இடம் இது. 1525-இல் இவ்வழியே சென்ற, அஸ்டெக் அரசை வீழ்த்திய ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்தெஸ், நொண்டிய குதிரை ஒன்றை இட்சா மக்களிடம் விட்டுச் சென்றார். குதிரையைப் பார்த்தே அறியாத அவர்கள், அது இறந்தபின் அதற்குக் கல்லில் உரு செய்து வழிபட்டார்கள் என்றும், 1618-இல் வந்த பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் கோபத்தில் அதை உடைத்தார் என்றும் அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. மாலையில் ஒரு படகை அமர்த்தி எதிர்க்கரைத் தீபகற்பத்திலுள்ள காட்சிமேட்டுக்குச் சென்று, தீவு முழுவதையும் மேலிருந்து பார்த்துவிட்டு, சீக்கிரம் உறங்குங்கள்.

இரண்டாம், மூன்றாம் நாள்கள்: திக்கால்

ஃபுளோரெஸிலிருந்து திக்கால் 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பலர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அது இந்த இடத்துக்குச் செய்யும் அநியாயம். பூங்காவுக்குள் சில தங்கும் விடுதிகளே உள்ளன. விலை சற்று அதிகம், மின்சாரம் குறிப்பிட்ட மணி நேரமே இருக்கும், அறைகள் சாதாரணமானவை. இருந்தாலும் ஓர் இரவாவது உள்ளே தங்குங்கள். பகல் கூட்டம் திரும்பிய பிறகான மாலையும், அது வருவதற்கு முந்தைய காலையும் உங்களுடையவை ஆகும். பறவைகளும் விலங்குகளும் நடமாடுவது அந்த வேளைகளில்தான்.

வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் பல ஆண்டுகளாக 150 குவெட்சால். விடியலுக்கு முன் வழிகாட்டியோடு நுழைய 100 குவெட்சால் கூடுதல். சீட்டு வாங்கும் முறை மாறிக்கொண்டே இருப்பதால் விடுதிக்காரரிடம் முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள், கடவுச்சீட்டைக் கையில் வையுங்கள். நுழைவாயிலிலிருந்து நகரத்தின் மையம் மேலும் 17 கிலோமீட்டர். வழியில் ஜாகுவார், பாம்பு, வான்கோழி ஆகியவற்றின் படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகள் வரும். அவை அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. ஓட்டுநரை மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பெருமுற்றத்துக்குச் செல்லுங்கள். எதிரெதிரே இரண்டு கோயில்கள். கிழக்கில் 47 மீட்டர் உயரமுள்ள முதலாம் கோயில், ஹசாவ் சான் காவீல் என்ற அரசரின் சமாதி. அவர் 682-இல் அரியணை ஏறியபோது திக்கால் தலைகுனிந்து கிடந்த நகரம். 562-இல் ஏற்பட்ட தோல்விக்குப் பிறகு சுமார் 130 ஆண்டுகள் இங்கே தேதி பொறித்த நெடுங்கற்கள் எழவில்லை. 695-இல் பகை நகரமான கலக்முலை வென்றவர் அவர். அந்த 562 தோல்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் நாள் அதைப் பறைசாற்றிய நகரத்தில் நிற்கப் போகிறீர்கள். முதலாம் கோயிலில் ஏற அனுமதியில்லை. எதிரிலுள்ள இரண்டாம் கோயிலில் பக்கவாட்டு மரப்படிகள் உண்டு, அங்கிருந்து முதலாம் கோயிலை நேருக்கு நேர் பார்க்கலாம். வடக்கே, ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக அரசர்களை ஒருவர்மேல் ஒருவராகப் புதைத்துப் புதைத்து உயர்ந்த மேடை இருக்கிறது. கூரையின் நிழலில் உள்ள பெரிய சுதை முகத்தைத் தேடிப் பாருங்கள்.

பெரும்பாலான வழிகாட்டிகள் காட்டாமல் கடந்துபோவது இதற்குப் பின்னால் இருக்கிறது. முற்றத்தின் தளம் முழுவதும் சுதை பூசி, மழைநீர் ஓடிச் சரியும்படி சாய்வாக அமைத்தது. அந்த நீர் முற்றத்துக்குத் தெற்கே அரண்மனைக் குளத்தில் இறங்கியது. கோயில்களுக்குக் கல் வெட்டிய பள்ளங்களே குளங்களாயின. பல இடங்களில் நடைபாதையே அணையாகவும் இருந்தது. 2012-இல் வெளியான ஆய்வு, இங்குள்ள ஓர் அணை ஏறத்தாழ 80 மீட்டர் நீளமும் 10 மீட்டர் உயரமும் கொண்டிருந்ததைக் காட்டியது. கொரியன்தால் என்ற குளத்தில் சியோலைட் என்னும் கனிமத்தையும் படிகமணலையும் தொலைவிலிருந்து கொண்டுவந்து நீரை வடிகட்டியிருக்கிறார்கள் என்பதை 2020-ஆம் ஆண்டு ஆய்வு கண்டறிந்தது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு கசப்பானது: அரண்மனைக்கும் கோயிலுக்கும் பக்கத்திலிருந்த குளங்களின் வண்டலில் பாதரசமும் நச்சு நீலப்பச்சைப் பாசியின் தடயங்களும் இருந்தன. சுவர்களுக்கும் கல்லறைகளுக்கும் பூசிய, பாதரசம் அடங்கிய சாதிலிங்கச் சிவப்பு மழையில் கரைந்து அரசர் குடித்த நீரில் கலந்திருக்கிறது. ஏரி, குளம், மதகு என்று வளர்ந்த நமக்கு இந்தப் பள்ளங்கள் உடனே பிடிபடும். இன்று அவை புதர் மண்டிய தாழ்வுகளாகவே தெரிகின்றன. வழிகாட்டியிடம் 'அகுவாதா' என்று கேளுங்கள், காட்டுவார்.

மூன்றாம் நாள் அதிகாலை நான்கு மணிக்கு நான்காம் கோயிலுக்குப் புறப்படுங்கள். ஏறத்தாழ 65 மீட்டர் உயரம். 741-ஐ ஒட்டி, ஹசாவின் மகன் யிக்கின் சான் காவீல் கட்டியது. மேலே மரப்படிகளில் ஏறி உட்கார்ந்தால் சூரியன் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான நாள்களில் பனிமூட்டம் அதை மறைத்துவிடும். மேலே ஏறுவது கேட்பதற்காக. இருட்டில் எங்கோ ஓர் ஊளைக் குரங்கு தொடங்கும், தொலைவில் மற்றொரு கூட்டம் பதில் சொல்லும், பிறகு காடு முழுவதும் புயல் இரைவதுபோல் எழும்பும். முதன்முறை கேட்பவர்கள் சிறுத்தை என்றே நினைப்பார்கள். பனி விலகும்போது மரக்கடலுக்கு மேலே மூன்று கோயில் முகடுகள் மிதக்கும். இந்தக் கோயிலின் வாசல் மேல்விட்டங்களில் இருந்த அழகிய மரச்சிற்பங்கள் 19-ஆம் நூற்றாண்டில் பெயர்க்கப்பட்டுச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. அவை சப்போட்டா மரத்தில் செதுக்கியவை. நாம் பழத்துக்காக வளர்க்கும் அதே மரம். ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் ஈரத்தையும் கரையானையும் தாங்கும் அளவுக்கு அதன் கட்டை உறுதியானது. அதன் பாலிலிருந்துதான் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள்; பழைய மரங்களில் பால் எடுத்த குறுக்கு வெட்டுத் தழும்புகளை இன்றும் காணலாம்.

இறங்கிய பிறகு அவசரப்படாமல், கூட்டம் குறைந்த இடங்களுக்கு நடங்கள். 'இழந்த உலகம்' என்ற பகுதியின் பெரிய பிரமிடு திக்காலின் மிகப் பழைய கட்டுமானங்களில் ஒன்று. வடகிழக்கில் உள்ள கியூ தொகுதி, நாள்காட்டியைக் கல்லில் புரிந்துகொள்ள மிகச் சிறந்த இடம். மாயா எண்கள் எளியவை: புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பி வடிவம் பூஜ்யம். இருபது நாள் ஒரு வினால், 360 நாள் ஒரு துன், இருபது துன் ஒரு கத்துன், இருபது கத்துன் ஒரு பக்துன். ஒவ்வொரு கத்துன் முடிவிலும், அதாவது இருபது ஆண்டுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில், திக்கால் அரசர்கள் எதிரெதிராக இரட்டைப் பிரமிடுகளும் ஒரு நெடுங்கல்லும் எழுப்பினார்கள். கியூ தொகுதி 771-ஐச் சேர்ந்தது, பக்கத்து ஆர் தொகுதி 790-ஐ. திக்காலின் முதல் தேதியிட்ட நெடுங்கல், பக்துன் முதல் நாள் வரை வரிசையாக, 8.12.14.8.15 என்று சொல்கிறது. அது 292-ஆம் ஆண்டு ஜூலை. கடைசி நெடுங்கல் 869. அதன் பிறகு எண்கள் இல்லை.

நடக்கும்போது தரையையும் பாருங்கள். இலை வெட்டும் எறும்புகள் பச்சைத் துணுக்குகளைத் தூக்கிக்கொண்டு பாதையைக் கடக்கும்; நீண்ட மூக்குள்ள கோவாட்டி என்ற சிறு விலங்குகள் வாலைத் தூக்கிக்கொண்டு கூட்டமாகத் திரியும்; மயில்போல் கண் கண்ணாகப் புள்ளியிட்ட தோகையுள்ள வான்கோழி பயமில்லாமல் புல்லில் மேயும். மேலே சிலந்திக் குரங்குகள், டூக்கன், தூக்கணாங்குருவிபோல் நீண்ட கூடு தொங்கவிடும் ஒரோபெந்தோலா. பட்டை சிவந்து உரியும் ஒரு மரத்தைச் 'சுற்றுலாப் பயணி மரம்' என்று சொல்லிச் சிரிப்பார்கள், வெயிலில் தோலுரியும் வெள்ளைக்காரர்களை நினைத்து. அதன் அருகிலேயே வளரும் செச்சேம் மரத்தைத் தொடாதீர்கள். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், அதற்கு மருந்து அந்தச் சிவப்பு மரத்தின் பட்டை என்பது உள்ளூர் வைத்தியம். பூங்காச் சாலையில் நிற்கும் பிரம்மாண்டமான செய்பா மரம் குவாத்தமாலாவின் தேசிய மரம். மாயா மக்களுக்கு அது பாதாளத்தையும் பூமியையும் வானத்தையும் இணைக்கும் உலகத் தூண். நம்மூர் மெத்தைகளுக்குப் பஞ்சு தரும் இலவ மரமும் அதே இனம்தான். கிளிகளும் இங்கே நிறைய உண்டு. இலவு காக்கின்றனவா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மதியத்துக்குப் பின் எல் ரெமாத்தே கிராமத்துக்குச் சென்று ஏரிக்கரையில் தங்குங்கள். திக்காலுக்கும் ஃபுளோரெஸுக்கும் இடையில், எல்லைச் சாலைக்கு அருகில் உள்ளது.

நான்காம் நாள்: கஹூயி குன்றும் யஷ்ஹாவும்

காலையில் எல் ரெமாத்தேயை ஒட்டியுள்ள கஹூயி குன்றுக் காப்பகத்தில் இரண்டு மூன்று மணி நேரம் நடந்துவிட்டு, ஏரியில் குளியுங்கள். பிற்பகல் ஒரு மணிக்கு யஷ்ஹாவுக்குப் புறப்பட வேண்டும். எல்லைச் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் மண்சாலை மழைக்காலத்தில் மோசமாகிவிடும். சொந்தமாக வண்டி ஓட்டுவதைவிட உள்ளூர்ச் சிற்றுந்தை அமர்த்துவது நல்லது.

பெயருக்கு 'நீலப்பச்சை நீர்' என்று பொருள். திக்கால் தேக்கிவைத்த நீரில் வாழ, யஷ்ஹா இரண்டு ஏரிகளின் கரையில் வளமாக இருந்தது. பரப்பளவில் பெரிய நகரம், ஆனால் பல வேளைகளில் முழு நகரத்திலும் பத்துப் பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். திக்காலுக்கு வெளியே அரிதாகக் காணப்படும் இரட்டைப் பிரமிடுத் தொகுதி ஒன்று இங்கே இருக்கிறது; நேற்றுப் பார்த்ததோடு ஒப்பிடுங்கள். ஐந்து மணிக்கு 216-ஆம் கோயிலின் மேல் ஏறி உட்காருங்கள். ஏரியின் மேல் சூரியன் இறங்குவதை இங்கே தெளிவாகக் காணலாம்; திக்காலில் விடியல் கைகொடுக்காதவர்களுக்கு இது ஈடு. இறங்கும்போது இருட்டிவிடும், விளக்கு தேவை. ஏரியில் குளிக்க ஆசைப்படாதீர்கள், முதலைகள் உண்டு.

ஐந்தாம் நாள்: எல்லையும் ஷூனன்தூனிச்சும்

மெல்சோர் டி மென்கோஸ் என்ற இடத்தில் எல்லை. சீக்கிரம் போய்விட்டால் வரிசை குறைவு. மிச்சமுள்ள குவெட்சால்களை இங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் குவாத்தமாலா வெளியேற்ற முத்திரை, பெலிஸ் நுழைவு முத்திரை இரண்டும் விழுந்தனவா என்று அந்த இடத்திலேயே பார்ப்பது முக்கியம்.

எல்லையிலிருந்து சில கிலோமீட்டரில் சான் ஹோசே சுக்கோட்ஸ் கிராமம். அங்கே மோபான் ஆற்றைக் கடந்து, மேடேறினால் ஷூனன்தூனிச். 'கல் பெண்' என்று பொருள்படும் இது பிற்காலப் பெயர். சுமார் 40 மீட்டர் உயரமுள்ள 'கோட்டை'யின் பக்கச் சுவர்களில் சுதைச் சிற்ப வரிசை உண்டு. நாம் பார்ப்பது மூலத்தின்மேல் போர்த்திய நகல், மூலம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. உச்சியிலிருந்து குவாத்தமாலாக் காடு தெரியும். திக்கால் தளர்ந்துகொண்டிருந்த காலத்தில் இந்தச் சிறு நகரம் தழைத்தது. ஆறு பக்கத்தில் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு மணி நேரம் போதும். மாலையில் சான் இக்னாசியோவில் அறை எடுத்து, அடுத்த இரண்டு நாள்களுக்குமான வழிகாட்டிகளை உறுதி செய்யுங்கள். குகைக்கு இடம் கிடைப்பது கடினம் என்பதால் அதை ஊரிலிருந்தே பதிவு செய்திருப்பது நலம்.

ஆறாம் நாள்: கரகோல்

நீண்ட நாள். ஆறரை மணிக்குள் கிளம்புங்கள். வழியில் காடு திடீரென்று மறைந்து பைன் மரங்கள் வரும். செம்மண், கருங்கல், ஊசியிலை, வேறு நாட்டுக்கு வந்துவிட்டதுபோல் இருக்கும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பட்டைத்துளைக்கும் வண்டு இங்கே பெரும்பாலான மரங்களை அழித்தது. இப்போது நிற்பவை பெரும்பாலும் அதற்குப் பின் வளர்ந்தவை. பிறகு சிகிபுல் காடு, அதனுள் கரகோல்.

1937-இல் மகோகனி மரம் தேடிய ஒரு மரவெட்டி கண்ட நகரம் இது. 1985 முதல் ஆர்லன் சேஸ், டயான் சேஸ் இணையர் இங்கே அகழாய்வு செய்துவருகிறார்கள். 2009-இல் விமானத்திலிருந்து லேசர் கதிரால் காட்டை ஊடுருவி அளந்தபோது, நகரம் 200 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்திருந்ததும், மலைச்சரிவுகள் முழுவதும் படிக்கட்டு வயல்களாக இருந்ததும் வெளிப்பட்டன. இங்கும் ஆறு இல்லை. மண்ணையும் மழையையும் சரிவிலேயே பிடித்து நிறுத்த ஒவ்வொரு குன்றையும் படிப்படியாக வெட்டியிருக்கிறார்கள். உங்களைச் சுற்றியுள்ள காடு ஒரு காலத்தில் சோளக்கொல்லை என்பதை நினைத்துக்கொண்டு நடங்கள்.

கானா, 'வான் இடம்', 43 மீட்டர். பெலிஸின் மிக உயரமான கட்டடங்களில் ஒன்றாக இன்றும் எண்ணப்படுகிறது. ஏறும்போது நடுவில் ஓர் தளம் வரும், உச்சி என்று நினைப்பீர்கள். அதற்குமேல் ஒரு முற்றமும் மூன்று கோயில்களும் இருக்கின்றன. பந்தாட்டக் களத்தில் 1986-இல் கண்டெடுத்த 21-ஆம் பலிபீடம்தான் 562-இல் திக்கால் வீழ்ந்ததைப் பதிவு செய்தது. வெற்றியின் பெரும்பங்கு கலக்முலுடையதாக இருக்கலாம் என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து, ஆனால் கொண்டாடியது கரகோல். எழுத்து முழுமையாகப் படிக்கப்படாத நாள்களில், அக்கால அரசரான யஹாவ் தே கினிச்சுக்கு ஆய்வாளர்கள் வைத்திருந்த செல்லப்பெயர் 'நீர்ப் பிரபு'.

திரும்பும் வழியில் ரியோ ஃபிரியோ குகையையும் ரியோ ஆன் ஆற்றின் கருங்கல் குளங்களையும் விடாதீர்கள். வண்டிக்கு எரிபொருள், மதிய உணவு, குடிநீர் மூன்றையும் சான் இக்னாசியோவிலிருந்தே கொண்டுசெல்ல வேண்டும்.

ஏழாம் நாள்: ஆக்துன் துனிச்சில் முக்னால்

'கல் கல்லறைக் குகை' என்று பெயர். இந்தப் பயணத்தின் கடினமான நாளும் இதுதான். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது. ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேருக்கு மேல் இல்லை. கட்டணம் ஏறத்தாழ நூறு அமெரிக்க டாலரும் அதற்கு மேலும் ஆகும். காட்டில் முக்கால் மணி நேரம் நடந்து, ஆற்றை மூன்று முறை கடந்து, குகை வாயிலில் நீந்தி உள்ளே போக வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் முன்பே சொல்லிவிட்டால் மிதவை அங்கி தருவார்கள். முழங்கால் வலி உள்ளவர்களும், இடுக்குகளில் மூச்சு முட்டுபவர்களும் இந்த நாளை விட்டுவிடலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

குளிர்ந்த நீரில் மார்பளவு, இடுப்பளவு, முழங்காலளவு என்று மாறி மாறி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போன பிறகு, பாறையேறி வறண்ட மேல்தளத்தை அடைவீர்கள். அங்கே காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடக்க வேண்டும், ஏனென்றால் தரை முழுவதும் பானைகள். பல பானைகளில் வேண்டுமென்றே துளையிட்டிருக்கிறார்கள். இடையிடையே மனித எலும்புகள். பதினான்கு பேரின் எச்சங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன, அவர்களில் குழந்தைகளும் உண்டு. கடைசி அறையில் ஒரு முழு எலும்புக்கூடு சுண்ணாம்புப் படிகம் பூத்து மின்னுகிறது. 'படிகக் கன்னி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது இளைஞன் ஒருவனுடையதாக இருக்கலாம் என்று பின்னர் ஆய்வாளர்கள் கருதத் தொடங்கினார்கள். 2012-இல் ஒரு பயணியின் கையிலிருந்து நழுவிய கேமரா ஒரு மண்டையோட்டை உடைத்தது. அன்று முதல் கேமராவும் கைப்பேசியும் தடை. எனக்கு அது நல்லதாகவே படுகிறது.

படையல்கள் பெரும்பாலும் 8, 9-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. தெற்கு பெலிஸின் யோக் பலும் குகையில் எடுத்த சுண்ணாம்புக் கசிவுத்தூண் ஒன்றின் அடுக்குகளைப் படித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு, அதே நூற்றாண்டுகளில் மழை தொடர்ந்து பொய்த்ததைக் காட்டுகிறது. மாயா மக்களுக்குக் குகை என்பது பாதாளத்தின் வாய், மழைக் கடவுள் சாக்கின் வீடு. திக்காலில் குளங்கள் சேறாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் இங்கே மேலும் மேலும் உள்ளே, மேலும் மேலும் இருட்டுக்குள் பானைகளைச் சுமந்து வந்திருக்கிறார்கள். வழிகாட்டி ஒரு நிமிடம் எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொல்வார். அணைத்துவிட்டு, கீழே ஓடும் நீரின் ஓசையைக் கேளுங்கள்.

எட்டாம் நாள்: திரும்புதல்

காலையில் சான் இக்னாசியோவின் மேட்டிலேயே உள்ள கஹல் பெச்சை ஒரு மணி நேரத்தில் பார்க்கலாம். கிறிஸ்துவுக்கு முன் 1200-ஐ ஒட்டியே மக்கள் குடியேறிய பழைய இடம். 'உண்ணிகளின் இடம்' என்ற அழகற்ற பெயர், இது மாட்டு மேய்ச்சல் நிலமாக இருந்தபோது வந்தது. பெலிஸ் நகரம் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். வழியில், 1983-இல் தொடங்கிய பெலிஸ் விலங்குக் காட்சியகத்தில் இறங்குங்கள். உள்நாட்டு விலங்குகளை மட்டுமே வைத்திருக்கும் சிறிய இடம். ஒரு வாரமாகக் காட்டில் ஒலியாகவும் தடமாகவும் மட்டும் அறிந்த ஜாகுவாரை இங்கேதான் அநேகமாக நேரில் காண்பீர்கள். பெலிஸின் தேசிய விலங்கான தபீரை உள்ளூர்க்காரர்கள் 'மலைப் பசு' என்கிறார்கள். அது வெயில் ஏறும்போது தண்ணீருக்குள் இறங்கி மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் என்பதால் பதினொரு மணிக்கு முன்பே போய்விடுங்கள். விமான நிலையம் அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவு; பிற்பகல் விமானத்துக்குத் தாராளமாக நேரம் இருக்கும்.